சக்காராவிலிருந்து கிசா வரை: கல்லைக் கற்ற நூறு ஆண்டுகள்

கெய்ரோவில் இறங்குகிறவர்கள் அநேகமாக முதல் நாளே கிசாவுக்கு ஓடிவிடுகிறார்கள். கூஃபுவின் பிரமிடு முன்னால் ஒரு படம், ஸ்பிங்க்ஸ் முன்னால் ஒரு படம், கொஞ்சம் ஒட்டகச் சவாரி, மதியத்துக்குள் அடுத்த இடம். 146 மீட்டர் உயரத்துக்குக் கட்டிய ஒரு கல்மலையை முன்பின் எதுவும் தெரியாமல் நேருக்கு நேர் பார்த்தால், ‘இதை மனிதர்கள்தான் கட்டினார்களா?’ என்ற சந்தேகமே முதலில் எழுகிறது. வேற்றுக்கிரகவாசிகள், கடலில் மூழ்கிய நாகரிகம், மந்திரத்தால் மிதந்த கற்கள் என்ற கதைகளெல்லாம் அந்தச் சந்தேகத்தின் முதுகில் ஏறி வருபவைதான்.

நான் கிசாவைக் கடைசிக்குத் தள்ளிவைத்தேன். எது முதலில் கட்டப்பட்டதோ அதை முதலில் பார்ப்பது என்று முடிவு. அந்தக் கணக்குப்படி முதலில் சக்காரா, பிறகு மெய்தூம், அடுத்து தாஷூர், கடைசியில் கிசா. நான்கும் நைல் நதியின் மேற்குக் கரையில், வயல் முடிந்து பாலைவனம் தொடங்கும் விளிம்பில் இருக்கின்றன. கெய்ரோவில் தங்கிக்கொண்டே காரில் போய்த் திரும்பலாம். சக்காராவின் முதல் பிரமிடுக்கும் கிசாவில் கூஃபு எழுப்பியதற்கும் இடையே ஓடிய காலம் ஏறக்குறைய 100 ஆண்டுகள். பாட்டன் தொடங்கிய வேலையைப் பேரன்மார் முடித்துவிடக்கூடிய கால அளவு அது. அதற்குள் கட்டடக்காரர்கள் எதைக் கற்றார்கள், எங்கே இடறினார்கள், எப்படித் திருத்திக்கொண்டார்கள் என்பதெல்லாம் அந்தந்த இடத்தில் கல்லாகவே நிற்கிறது.

சக்காரா: செங்கல் நினைவில் வைத்த கல்

கெய்ரோவிலிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டர். வாய்க்காலை ஒட்டிய சாலையில் பசுந்தீவனம் ஏற்றிய கழுதை வண்டிகளுக்கு வழிவிட்டு, பேரீச்சந்தோப்புகளைத் தாண்டினால் மண் சட்டென்று பழுப்பாகிவிடுகிறது. மேட்டில் ஏறியதும் ஜோசர் மன்னரின் படிப்பிரமிடு.

கி.மு. 27ஆம் நூற்றாண்டு. அதுவரை எகிப்திய அரசர்களையும் பிரபுக்களையும் புதைத்த இடத்துக்கு மேல் மண் செங்கல்லால் ஒரு மேடை கட்டுவார்கள். சரிந்த பக்கங்களும் தட்டையான மேற்புறமும் கொண்ட அந்த மேடைக்கு மஸ்தபா என்று பெயர். ஜோசருக்கும் முதலில் மஸ்தபாதான் கட்டினார்கள், ஆனால் கல்லால். பிறகு அதைப் பக்கவாட்டில் விரித்தார்கள். அப்புறம் அதன்மேல் அடுக்கத் தொடங்கினார்கள். முதலில் நான்கு படி, பிறகு திட்டத்தை மாற்றி ஆறு படி. முடிவில் உயரம் சுமார் 62 மீட்டர். அதற்கு முன் இத்தனை பெரிய கற்கட்டடத்தை எகிப்தியர்கள் கட்டியதில்லை. இந்த வளாகத்தை வடிவமைத்தவராகச் சொல்லப்படும் பெயர் இம்ஹோதெப். அங்கே கிடைத்த மன்னரின் சிலைப்பீடம் ஒன்றில், அரசனின் பெயரோடு அவர் பெயரும் பட்டங்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பிற்கால எகிப்தியர்கள் அவரைத் தெய்வமாகவே வணங்கினார்கள்.

பிரமிடைவிட அதன் மதில்வாசல்தான் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. சுண்ணாம்புக்கல் மதில், உயரம் பத்து மீட்டருக்கும் மேல். அதில் வாசல் போலச் செதுக்கிய இடங்கள் பதினைந்து. உண்மையில் உள்ளே போகக்கூடியது ஒன்றுதான், மற்ற 14 வெறும் தோற்றம். அந்த ஒரே வாசலுக்குள் நுழைந்து தலையை நிமிர்த்தினால், கூரையில் உருட்டுக்கட்டைகளை நெருக்கி அடுக்கியதுபோல் இருக்கும். தொட்டால் கல். பனைக்கட்டை பாவிய கூரையைப் பார்த்துப் பழகிய கை, கல்லையும் அதே வடிவத்தில் செதுக்கியிருக்கிறது. பக்கச் சுவரில் திறந்து சாத்திவைத்த ஒரு கதவு, அதுவும் கல். நடையின் இருபுறமும் உள்ள தூண்கள் நாணற்கட்டு வடிவில் இருக்கின்றன, ஆனால் ஒன்றுகூடத் தனியாக நிற்கவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு குறுக்குச் சுவர் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. கல்தூண் தனியாக நின்று கூரையைத் தாங்கும் என்று நம்ப அவர்களுக்கு அப்போது துணிவு வரவில்லை.

மதிலின் கற்களையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றிரண்டு ஆட்கள் தூக்கிவிடக்கூடிய அளவு. செங்கல் வைத்த பழக்கத்தில் கல்லையும் சிறிது சிறிதாக வெட்டி அடுக்கியிருக்கிறார்கள். பெரிய கல்லாக வெட்டினால் இணைப்புகள் குறையும், வேலை மிச்சமாகும், சுவர் உறுதியாகும் என்பதெல்லாம் பிறகு வந்த பாடங்கள். பல ஆண்டுச் சீரமைப்புக்குப் பின் 2020 மார்ச்சில் இந்தப் பிரமிடின் உட்பகுதி மீண்டும் திறக்கப்பட்டது. நடுவில் 7 மீட்டர் சதுரத்தில் 28 மீட்டர் ஆழத்துக்கு இறங்கும் கிணறு. அதன் அடியில் அஸ்வான் கருங்கல்லில் செய்த அறைக்குள்தான் மன்னரை வைத்தார்கள். மேலே ஏற்றிய படிகளுக்குச் சற்றும் குறையாத உழைப்பு இந்தப் பள்ளத்துக்குள் இருக்கிறது.

மெய்தூம்: உதிர்ந்துபோன முயற்சி

தெற்கே இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். மெய்தூமில் கூட்டமே இல்லை. வயல்களுக்கு அப்பால் ஒரு கோபுரம் நிற்கிறது, சுற்றிலும் கல்லும் மணலும் குவிந்த மேடு. இதைப் பிரமிடு என்று சொன்னால்தான் தெரியும்.

இதுவும் படிப்பிரமிடாகவே தொடங்கியது. முதலில் ஏழு படி, பிறகு எட்டு. அதற்கப்புறம் யாரோ ஒரு பெரிய யோசனை சொல்லியிருக்க வேண்டும். படிகளுக்கு இடையே உள்ள இடங்களை நிரப்பி, மேலே வழவழப்பான கல்லைப் பதித்து, நான்கு பக்கமும் நேராகச் சரியும் பிரமிடாக்கிவிடலாம் என்று. ஸ்னெஃப்ரு மன்னர் காலத்தில் அதைச் செய்து பார்த்தார்கள். படிகளை நன்றாக இழைத்து முடித்த பிறகே இந்தப் புதிய உறையைப் போர்த்தினார்கள். அதனால் பழைய வழவழப்பான முகத்தை உறை சரியாகப் பற்றிக்கொள்ளவில்லை. உறையின் அடிவாரமும் பாறையில் ஊன்றாமல் மணல்மேல் உட்கார்ந்திருந்தது. பின்னாளில் உறை சரிந்து உதிர்ந்தது. உள்ளிருந்த படிகளின் நடுப்பகுதி மட்டும் கோபுரமாக மிஞ்சியது.

உள்ளே ஒரு சின்ன அறை இருக்கிறது. அதன் கூரையை மறக்காமல் பார்க்க வேண்டும். இருபுறச் சுவர்களிலும் ஒவ்வொரு வரிக் கல்லையும் கீழ்வரியைவிடச் சற்று உள்ளே தள்ளி வைத்துக்கொண்டே போய், உச்சியில் இரண்டு பக்கமும் சேர்ந்துவிடும்படி மூடியிருக்கிறார்கள். தலைக்கு மேல் இருக்கும் பாரம் பக்கச் சுவர்களுக்கு இறங்கிவிடும். பிரமிடு ஒன்றின் உள்ளே இந்த முறை முதலில் தலைகாட்டுவது இங்கேதான். அறை சிறியது, வேலையும் முரடு. ஆனால் யோசனை சரியானது. வெளியே தோற்ற கட்டடத்துக்குள் ஒரு வெற்றி இருந்தது.

தாஷூர்: ஒரே அரசனின் இரண்டு பாடங்கள்

தாஷூர் முன்பு ராணுவப் பகுதி. 1996இல்தான் பயணிகளுக்குத் திறந்தார்கள். கிசாவின் கூச்சல் இங்கே கிடையாது. பரந்த மணல்வெளியில் இரண்டு பெரிய பிரமிடுகள், இரண்டுமே ஸ்னெஃப்ருவுடையவை.

தெற்கில் இருப்பது வளைந்த பிரமிடு. அடிப்பக்கம் சுமார் 189 மீட்டர், உயரம் சுமார் 105 மீட்டர். கீழ்ப்பாதி 54 டிகிரிக்கும் சற்று அதிகமான சரிவில் செங்குத்தாக ஏறுகிறது. பாதி உயரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சட்டென்று திரும்பி, 43 டிகிரி சரிவில் படுத்துக்கொண்டே போய் உச்சியில் முடிகிறது. காரணம் கீழே இருக்கிறது. அடித்தளம் கெட்டிப் பாறை அல்ல. சரளையும் களிமண்ணும் கலந்த மண். பாரம் ஏற ஏற அது அமுங்கியது. உள்ளறைகளிலும் வழிகளிலும் விரிசல் விழுந்தது. சாந்து பூசி அடைத்தார்கள். வெளியே ஒரு சுற்றுக் கல்லைக் கூடுதலாக வைத்து அணைத்தார்கள். மேலறைக்குள் தேவதாரு உத்தரங்களைக் குறுக்கே முட்டுக்கொடுத்தார்கள். லெபனானிலிருந்து கடல் வழியே வந்த மரம் அது. 4,600 ஆண்டுகள் கழித்தும் உள்ளே இருக்கிறது. கடைசியில் மேற்பகுதியின் சரிவைக் குறைத்து, ஏற்ற வேண்டிய கல்லையே குறைத்துவிட்டார்கள்.

இன்னொரு மாற்றம் அருகில் போனால்தான் தெரியும். கீழ்ப்பாதியின் கல்வரிகள் கிடைமட்டமாக இல்லை. படிப்பிரமிடு கட்டிய பழைய முறைப்படி உள்பக்கமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. உள்நோக்கிச் சாய்ந்தால் உறுதி என்று நினைத்தார்கள். உண்மையில் அது உள்ளிருக்கும் பாரத்தைக் கூட்டியது. வளைவுக்கு மேலே வரிகள் மட்டமாக ஓடுகின்றன. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, அதே கட்டடத்தில், ஒரு தலைமுறை நம்பிய முறையைக் கைவிட்டிருக்கிறார்கள். எகிப்தின் மற்ற பெரிய பிரமிடுகளில் இல்லாத அளவுக்கு இதில் வெளி உறைக்கல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரமிடு புதிதாக இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்பதைக் கண்ணால் காண இதைவிட நல்ல இடம் இல்லை. வெயில் பட்டால் அந்த முகம் வெண்மையாகப் பளிச்சிடுகிறது. இணைப்புகள் கிட்டப் போனால்தான் புலப்படுகின்றன. 2019 ஜூலையில் உட்பகுதியும் பார்வையாளருக்குத் திறக்கப்பட்டது.

ஸ்னெஃப்ரு அதோடு நிற்கவில்லை. வடக்கே சிவப்புப் பிரமிடு. உறை போனபின் தெரியும் உட்கல்லின் செம்மையால் வந்த பெயர். அடிப்பக்கம் 220 மீட்டர், உயரம் சுமார் 105. முதல் கல்லிலிருந்தே 43 டிகிரி சரிவு, முதல் வரியிலிருந்தே மட்டமான வரிகள், அகன்ற அடிவாரம். எந்த இடத்திலும் தடுமாற்றம் இல்லை. நேரான பக்கங்களோடு வெற்றிகரமாக முடிந்த முதல் உண்மையான பிரமிடு இதுதான். உறைக்கற்கள் சிலவற்றின் பின்புறத்தில் வேலையாட்கள் தேதி குறித்து வைத்திருந்தார்கள். அவற்றைக் கொண்டு ஜெர்மன் அறிஞர் ரைனர் ஸ்டாடெல்மான் வேலை ஓடிய வேகத்தைக் கணக்கிட்டார்.

வடபக்கத்தில் 28 மீட்டர் உயரத்துக்குப் படியேறினால் வாசல். அங்கிருந்து குனிந்தபடியே 60 மீட்டருக்கும் மேல் கீழே இறங்க வேண்டும். முழங்கால் நடுங்கும். அடியில் வந்ததும் அமோனியா நெடி மூக்கைத் தாக்கும். நிமிர்ந்து டார்ச் அடித்தால் அந்த நெடியெல்லாம் மறந்துபோகிறது. மெய்தூமில் சின்னதாகப் பார்த்த அதே கூரை, இங்கே 12 மீட்டர் உயரத்துக்கு, வரி வரியாக உள்வாங்கிக்கொண்டே போகிறது. வரி ஒவ்வொன்றும் ஒரே அளவு, விளிம்பு ஒவ்வொன்றும் நேர்க்கோடு. தலைக்கு மேல் பல லட்சம் டன் கல். இத்தனை நூற்றாண்டுகளில் அந்தக் கூரை இறங்கவில்லை.

மெய்தூமையும் தாஷூரின் இரண்டையும் கூட்டினால், ஸ்னெஃப்ரு காலத்தில் அடுக்கிய கல்லின் கொள்ளளவு சுமார் 35 லட்சம் கன மீட்டர். அவர் மகன் கூஃபுவின் பிரமிடு சுமார் 26 லட்சம். உலகம் மகனைக் கொண்டாடுகிறது. அவனுக்காகக் கல் வெட்டியவர்கள், மட்டம் பார்த்தவர்கள், கயிறு இழுத்தவர்கள் அனைவரும் தகப்பன் காலத்துப் பட்டறையில் தேறியவர்கள்.

கிசா: அளவு என்றால் என்ன

இப்போது கிசா. கூஃபுவின் பிரமிடு முன் நிற்கும்போது எனக்குச் சந்தேகம் எழவில்லை, மரியாதை எழுந்தது.

முதலில் எண்கள். கட்டியபோது உயரம் 146.6 மீட்டர்; உச்சிக்கல்லும் உறையும் போனபின் இன்று 138.5. ஒரு பக்கம் 230.3 மீட்டர். அடிவாரம் 13 ஏக்கர். கற்கள் சுமார் 23 லட்சம், மொத்த எடை 60 லட்சம் டன் அளவில் என்று மதிப்பிடுகிறார்கள். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் லிங்கன் பேராலயத்துக்கு ஊசிக்கோபுரம் எழும்வரை, ஏறக்குறைய 3,800 ஆண்டுகள், மனிதர் கட்டியவற்றில் இதைவிட உயரமானது எதுவுமில்லை.

பருமனைவிட என்னைக் கட்டிப்போட்டது துல்லியம். நான்கு பக்கங்களின் நீளத்துக்கு இடையே வேறுபாடு சில சென்டிமீட்டர்தான். 13 ஏக்கர் அடித்தளத்தின் மட்டமும் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குள் சரியாக இருக்கிறது. பக்கங்கள் திசைகளோடு ஒத்துப்போவதில் விலகல் ஒரு டிகிரியில் பதினைந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 1880களின் தொடக்கத்தில் ஃப்ளிண்டர்ஸ் பெட்ரி என்ற இளைஞர் இங்கேயே ஒரு பாறைக் கல்லறைக்குள் தங்கி, அங்குலம் அங்குலமாக அளந்து, பிரமிடின் அளவுகளைக் கற்பனைக் கணக்குகளிலிருந்து மீட்டார்.

இந்தச் சரிவைப் பிடிக்க அவர்களுக்குக் கோணமானி தேவைப்படவில்லை. அரச முழம் என்பது சுமார் 52 சென்டிமீட்டர். அதில் ஏழு கையகலம். ஒரு முழம் மேலே ஏறினால் ஐந்தரைக் கையகலம் உள்ளே தள்ளு. இதுதான் கூஃபு பிரமிடின் விதி. எந்த வரியில் வேலை செய்கிறவனும் இதை ஒரு மரச்சட்டத்தை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். அந்த விதியை அடி முதல் நுனி வரை பிடித்தால் 51 டிகிரி 50 நிமிடச் சரிவு வந்துவிடும். பக்கம் 440 முழம், உயரம் 280 முழம். தூக்குக்குண்டும் மூலைமட்டமும் கயிறும் தெரிந்த நம் ஊர் கொத்தனார் ஒருவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால், அரை மணி நேரத்தில் அவர்கள் பாஷை புரிந்துவிடும்.

வடபக்க அடிவாரத்தில் அசல் உறைக்கற்கள் சில இன்னும் இருக்கின்றன. அவற்றின் முன் உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொன்றும் பல டன். இரண்டு கற்கள் சேரும் கோட்டில் விரல் நகத்தை ஓட்டினேன். நகம் இறங்க இடமில்லை. முழுப் பிரமிடும் ஒருகாலத்தில் இப்படித்தான் போர்த்தப்பட்டிருந்தது. பிற்காலத்தில் அந்த உறையைப் பெயர்த்து கெய்ரோ நகரத்தின் கட்டடங்களுக்குக் கொண்டுபோனார்கள். பக்கத்திலிருக்கும் காஃப்ரேயின் பிரமிடு உச்சியில் மட்டும் கொஞ்சம் உறை தொப்பியாக மிஞ்சியிருக்கிறது. காஃப்ரேயுடையது 143.5 மீட்டர் உயரம்தான். மேட்டுப்பாறையில் நிற்பதால் கூஃபுவுடையதைவிட உயரமாகத் தோன்றும். மூன்றாவதான மென்கௌரேயின் பிரமிடு சுமார் 65 மீட்டர். அதன் வடமுகத்தில் ஒரு பெரிய வெட்டுக்காயம் இருக்கிறது. 1196இல் சலாவுதீனின் மகன் அல் அஸீஸ் பிரமிடுகளை இடிக்க ஆள் வைத்தார். எட்டு மாதம் முயன்றும் அந்தக் காயத்தைத் தாண்ட முடியவில்லை. இடிப்பது கட்டுவதைப்போலவே செலவு பிடித்தது.

கல் எங்கிருந்து, எப்படி

உள்நிரப்புக்கு வேண்டிய சுண்ணாம்புக்கல்லை அங்கேயே எடுத்தார்கள். பிரமிடுக்குத் தெற்கே சில நூறு மீட்டரில் குவாரி இருக்கிறது. கல்லைச் சுற்றி ஆள் நுழையும் அளவுக்கு வாய்க்கால் வெட்டி, அடியில் நெம்பிப் பெயர்த்த தடங்கள் இன்றும் தெளிவு. சராசரிக் கல் இரண்டரை டன். வெளி உறைக்கு வேண்டிய வெள்ளைச் சுண்ணாம்புக்கல் நைலின் எதிர்க்கரையில் உள்ள துராவிலிருந்து வந்தது. கருங்கல் 800 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே உள்ள அஸ்வானிலிருந்து. இரும்பு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குச் செம்பு உளி. கருங்கல்லுக்கு அதைவிடக் கடினமான டோலரைட் உருண்டையால் இடித்து இடித்துப் பொடியாக்குவது, மணலைப் போட்டுச் செம்பு ரம்பத்தால் தேய்த்து அறுப்பது.

துராக் கல் வந்த விதத்தை அந்தக் காலத்து ஆள் ஒருவரே எழுதி வைத்திருக்கிறார். 2013இல் பிரெஞ்சு அறிஞர் பியேர் தாலே, செங்கடல் கரையில் வாதி அல் ஜர்ஃப் என்ற பழைய துறைமுகத்தில் சில பாப்பிரஸ் சுருள்களைக் கண்டெடுத்தார். எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையவை அவை. அவற்றில் மெரெர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு இருக்கிறது. கூஃபு ஆட்சியின் கடைசிக் காலம். மெரெர் தன் படகுக் குழுவோடு துராவில் கல் ஏற்றுகிறார், கால்வாயும் ஏரியும் வழியாகக் கிசாவுக்கு வருகிறார், இறக்குகிறார், காலிப் படகோடு திரும்புகிறார். பத்து நாளைக்கு இரண்டு மூன்று நடை. எந்த இரவு எங்கே தங்கினார்கள் என்பதுகூட இருக்கிறது. மேலதிகாரியாக கூஃபுவின் உடன்பிறந்தோரில் ஒருவரான அன்க்காஃபின் பெயர் வருகிறது. கூடவே கணக்குத் தாள்கள்: வரவேண்டிய தானியம் இவ்வளவு, வந்தது இவ்வளவு, பாக்கி இவ்வளவு. எந்த அலுவலகத்துக் குமாஸ்தாவும் பார்த்த உடனே புரிந்துகொள்ளும் பட்டியல். அந்தத் தாள்களை நினைக்கும்போது எனக்குக் கண் கலங்கியது. தெய்வம் கட்டிய கட்டடத்துக்குப் பாக்கிக் கணக்கு இருக்காது.

இன்று கிசாவிலிருந்து நைல் பல கிலோமீட்டர் கிழக்கே ஓடுகிறது. அன்று நதியின் ஒரு கிளை பிரமிடுகளின் காலடியை ஒட்டி ஓடியது. சுமார் 64 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தப் பழைய கிளையின் தடத்தை அறிஞர்கள் 2024இல் வெளியிட்டார்கள். பிரமிடுகள் ஏன் இந்த விளிம்பிலேயே வரிசையாக நிற்கின்றன என்பதற்கு அந்த வரைபடம் நல்ல பதில். பாரம் தண்ணீரில்தான் வந்தது.

கரையிலிருந்து மேலே ஏற்றியது சறுக்குக்கட்டை. தெய்ர் அல் பெர்ஷாவில் ஜெகுதிஹோதெப் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில் ஓர் ஓவியம்: பெரிய சிலை ஒன்றைச் சறுக்குக்கட்டையில் வைத்து 172 பேர் கயிறு கட்டி இழுக்கிறார்கள், சிலையின் காலடியில் ஒருவர் நின்று முன்னால் உள்ள மணலில் தண்ணீர் ஊற்றுகிறார். பிரமிடுக்குச் சில நூறாண்டுகள் பிந்திய ஓவியம் அது. அந்தத் தண்ணீரைச் சடங்கு என்று நினைத்தவர்கள் உண்டு. 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். சரியான அளவு ஈரம் இருந்தால் மணல் முன்னால் குவியாது. இழுக்க வேண்டிய விசை பாதியாகக் குறைகிறது.

மேலே ஏற்ற சாய்தளம். 2018இல் ஹத்நூப் குவாரியில் கூஃபு காலத்துச் சாய்தளம் ஒன்று வெளிப்பட்டது. செங்குத்தான சரிவு, இருபுறமும் படிக்கட்டு, படிகளை ஒட்டி மரத்தூண் ஊன்றிய குழிகள். தூணில் கயிற்றைச் சுற்றி இழுத்தால், ஒரு குழு மேலிருந்தும் ஒரு குழு கீழிருந்தும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். கிசாவில் சாய்தளம் நேராக இருந்ததா, சுற்றிச் சுற்றி ஏறியதா என்று வாதம் நடக்கிறது. அந்த வாதத்தில் பலர் மறப்பது பிரமிடின் வடிவத்தை. மேலே போகப் போகக் குறுகுவதால், மொத்தக் கல்லில் பாதி அடியிலிருந்து முதல் 30 மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. பாதி உயரத்துக்கு மேல் ஏற்ற வேண்டியது எட்டில் ஒரு பங்கு மட்டுமே. உயரம் கூடக் கூட வேலை கடினமாகிறது, அதே வேகத்தில் வேலையின் அளவும் குறைகிறது. 27 ஆண்டு ஆட்சி என்று வைத்து 23 லட்சம் கல்லை வகுத்தால், நாளுக்கு 230க்கும் மேல்; பத்து மணி நேர வேலையில் இரண்டரை நிமிடத்துக்கு ஒரு கல். பல பக்கங்களில் பல குழுக்கள் ஒரே நேரத்தில் உழைத்தால் எட்டக்கூடிய கணக்கு.

உள்ளே

உள்ளே போக இப்போது பயன்படுவது 9ஆம் நூற்றாண்டில் கலீஃபா அல் மாமூன் காலத்தில் குடைந்ததாகச் சொல்லப்படும் வழி. பிறகு ஏறுவழி, உயரம் 1.2 மீட்டர்தான். முதுகை மடக்கி, மரப்பலகையில் அடித்த சட்டங்களில் கால்வைத்து ஏற வேண்டும். காற்று கனக்கிறது, எதிரே இறங்குகிறவர்கள் சுவரோடு ஒட்டி வழிவிடுகிறார்கள். திடீரென்று தலைக்கு மேல் திறக்கிறது பெருங்கூடம். நீளம் 47 மீட்டர், உயரம் எட்டரை மீட்டர். இருபுறமும் ஏழு வரிகள் ஒன்றைவிட ஒன்று உள்வாங்கிக்கொண்டே மேலே போகின்றன. மெய்தூமின் சின்ன அறை, தாஷூரின் உயர்ந்த அறை, இப்போது சரிவில் ஏறும் ஒரு கூடம். ஒரே யோசனை மூன்று இடத்திலும் வளர்ந்து வருவதை வரிசையாகப் பார்த்து வந்தவருக்கு இந்த இடம் தரும் மகிழ்ச்சி தனி.

கூடத்தின் மேல்முனையில் அரசன் அறை. முழுக்கக் கருங்கல், 10.5 மீட்டருக்கு 5.2 மீட்டர். கூரையில் ஒன்பது பாளங்கள், சேர்ந்து சுமார் 400 டன். இந்தத் தட்டைக் கூரைமேல் பாரம் இறங்காதிருக்க, மேலே ஐந்து வெற்றறைகளை அடுக்கி, உச்சியில் இரண்டு கல்லைச் சாய்த்து முட்டவைத்திருக்கிறார்கள். அந்த அறைகளில், வெளியார் கண்ணுக்குப் படாத இடத்தில், வேலைக்குழுக்கள் தங்கள் பெயரைச் சிவப்புச் சாயத்தில் எழுதியிருக்கின்றன. கூஃபுவின் நண்பர்கள் என்று ஒரு குழு. மென்கௌரே பிரமிடிலோ மென்கௌரேயின் குடிகாரர்கள் என்று ஒரு குழு. அறையில் மிஞ்சியிருப்பது மூடியில்லாத ஒரு கல்தொட்டி. ஏறுவழியின் அகலத்தைவிட அது சற்றுப் பெரியது. ஆகவே அறை மூடப்படும் முன்பே அதை உள்ளே வைத்துவிட்டுத்தான் மேலே கட்டியிருக்கிறார்கள். அதன் பக்கவாட்டில் செம்பு ரம்பம் தேய்த்த கோடுகள் இருக்கின்றன. ஒரு கை முன்னும் பின்னும் போய்வந்த தடம் அது.

பிரமிடு தன் உட்புறத்தை இன்னும் முழுதாகக் காட்டிவிடவில்லை. விண்ணிலிருந்து வரும் மியூவான் துகள்களை அளந்து, பெருங்கூடத்துக்கு மேலே குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள வெற்றிடம் இருப்பதை 2017இல் கண்டார்கள். வடமுக வாசலுக்குப் பின்னால் 9 மீட்டர் நீள நடையை 2023இல் கேமராவிலேயே பார்த்தார்கள்.

கட்டியவர்கள்

ஸ்பிங்க்ஸுக்குத் தெற்கே காக்கைச் சுவர் என்று அழைக்கப்படும் பெரிய கல்மதில் இருக்கிறது. அதற்கு அப்பால் தொல்லியலாளர் மார்க் லேனர் குழுவினர் பல ஆண்டுகளாகத் தோண்டி, ஒரு ஊரையே வெளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ரொட்டி சுட்ட அடுப்புகள், கனத்த மண் அச்சுகள், தானியக் கிடங்கு, நீண்ட படுக்கைக் கூடங்கள், மாடு ஆடுகளின் எலும்புக் குவியல்கள். வேலையாட்கள் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். லட்சம் பேர் என்றார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். இன்றைய மதிப்பீடுகள் இருபது முப்பதாயிரத்தைச் சுற்றியே நிற்கின்றன. இவர்கள் சங்கிலியில் கட்டிய அடிமைகள் அல்ல. நிரந்தரக் கைவினைஞர்கள் ஒரு பகுதி, ஊர் ஊராக முறைவைத்து அரசுக்கு உழைக்க வந்தவர்கள் ஒரு பகுதி.

1990இல் அங்கே ஒரு குதிரை இடறியதில் மண்செங்கல் சுவர் ஒன்று தெரிந்தது. எகிப்தியத் தொல்லியலாளர் ஸாஹி ஹவாஸ் தலைமையில் தோண்டியபோது அது வேலையாட்களின் இடுகாடு என்று தெரிந்தது. மேற்பார்வையாளர்களின் கல்லறைகள் மேட்டில், சாதாரண ஆட்களுடையவை சரிவில். பிரமிடு கட்டி மிஞ்சிய கல்துண்டுகளையும் மண்செங்கல்லையும் வைத்தே கட்டியிருக்கிறார்கள். சிலவற்றின் மேல் குட்டியாக ஒரு படிமேடை, ஒரு கூம்பு. எலும்புகளில் உழைப்பு எழுதியிருக்கிறது: பாரம் சுமந்து தேய்ந்த முதுகெலும்பு, வீங்கிய மூட்டு. முறிந்த கைகள் நேராக வைத்துக் கட்டப்பட்டு, சரியாகக் கூடியிருக்கின்றன. அடிபட்டவனை யாரோ பார்த்துக்கொண்டார்கள். அவன் குணமாகித் திரும்பவும் வேலைக்கு வந்தான். இறந்தபோது அரசனின் பிரமிடு தெரியும் இடத்திலேயே, மறுமைக்கு ரொட்டி ஜாடியும் பீர் ஜாடியும் வைத்துப் புதைக்கப்பட்டான்.

பிரமிடை வேற்றுக்கிரகத்தாருக்கு எழுதிக்கொடுப்பவர்கள்மீது எனக்குள்ள கோபம் இங்கே நின்றபோது இரட்டிப்பானது. அறியாமைகூடப் பொறுக்கலாம்; உழைத்தவன் கூலியைப் பிடுங்கி வேறொருவனுக்குக் கொடுப்பதைப் பொறுக்க முடியாது. சக்காராவில் சின்னக் கல்லோடு தொடங்கி, மெய்தூமில் உதிர்ந்து, தாஷூரில் விரிசலுக்கு முட்டுக்கொடுத்து, பாதியில் சரிவை மாற்றி, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, கிசாவில் நகம் நுழையாத இணைப்பில் கொண்டுவந்து முடித்தவர்கள் இவர்கள். ஒரு சமுதாயம் தன் தவறுகளை மறைக்காமல் அடுத்த கல்லில் திருத்திக்கொண்டே போனால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

2025 நவம்பரில் முறையாகத் திறக்கப்பட்ட பெரிய எகிப்திய அருங்காட்சியகம் கிசா மேட்டின் அருகிலேயே இருக்கிறது. கூஃபுவின் 43 மீட்டர் தேவதாருப் படகு இப்போது அந்த வளாகத்தில்தான். அதையும் பாருங்கள். ஆனால் கிசாவில் நுழைவுச்சீட்டு வாங்கும்போதே வேலையாட்கள் கல்லறைக்கும் ஒன்று கேட்டு வாங்கிவிடுங்கள். சுற்றுலா வழிகாட்டி நேரமில்லை என்பார். ஒட்டகச் சவாரிக்கு ஒதுக்கிய நேரத்தை அதற்குக் கொடுத்தால் தாராளமாகப் போதும். வணக்கம் சொல்ல வேண்டியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.